உத்திராபதி காயவைத்த நெல்

புங்கங்குடியில் பொய் சொல்லத் தெரியாதவர் என்று யாரும் கிடையாது. ஆனாலும் பொய் கேட்பதற்கென்றே அடுத்த ஊரிலிருந்து சைக்கிள் மிதித்து ஆள் வருவது உத்திராபதி ஒருவரைத் தேடித்தான். அவருக்கு வயது எழுபத்து நாலு. மீசைக்கு மட்டும் முப்பது, மை உபயம். தன் வீட்டுப் பசு கறக்கும்போதே தயிராகக் கறந்தது என்பார். தன் கல்யாணத்து நாதஸ்வரச் சத்தம் இன்னும் கிணற்றுக்குள் கேட்கிறது என்பார். கேட்டவர்கள் சிரித்துவிட்டு வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்து போவார்கள். அவர் புளுகினதால் ஊரில் ஒரு மணி நெல் குறைந்தது என்று எவரும் சொல்ல முடியாது.

அதாவது, போன மாசி வரைக்கும்.

ஒரே ஒரு விஷயத்தில் ஊர் அவரை நம்பியது. மழை. எந்த மேகம் பெய்யும், எது சும்மா பூச்சாண்டி காட்டிவிட்டுக் கடலுக்குப் போகும் என்று அவர் அண்ணாந்து பார்த்துச் சொன்னால் அப்படியே நடக்கும். நடந்துகொண்டிருந்தது. இப்போதெல்லாம் ஐப்பசி வந்து கார்த்திகை வேலையைச் செய்கிறது, மார்கழிப் பனி மாசியில் எழுந்து வருகிறது. மாதங்கள் தங்களுக்குள் வேலையை மாற்றிக்கொண்டுவிட்டன. உத்திராபதிக்கு இது தெரியாமல் இல்லை. ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

ஊர் எல்லையில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, நெல் கொள்முதல் நிலையம். ஒரு தகரக் கொட்டகை, முன்னால் சிமெண்டுக் களம், அவ்வளவுதான். எல்லாரும் நெல்லைப் போட்டுவிட்டுப் போயாயிற்று. களத்தில் கிடந்தது ஒரே ஒரு குவியல், தையல்நாயகியுடையது. அவளுக்கு இருப்பது மூணு மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம். முதலில் நட்ட பயிரை வெள்ளம் அழுக வைத்துவிட்டது. அங்கே இங்கே நாற்றுக்கு அலைந்து மறுபடி நட்டாள். ஊரே அறுத்தபோது அவள் கதிர் அப்போதுதான் பால் பிடித்தது. கடைசியில் முப்பது மூட்டை தேறும் என்று கொண்டுவந்து கொட்டியிருந்தாள். நிலையத்தை மூட இன்னும் ஒரே நாள். நெல்லில் ஈரப்பதம் பதினேழுக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்ததில் பதினேழே முக்கால். மறுநாள் காலையில் ஒரு வெயில் பட்டால் போதும்.

சாயங்காலம் அவள் படுதாவை இழுத்துக் குவியலை மூடப் போனாள். அந்த வழியாக டீ குடிக்கப் போன உத்திராபதி நின்றார்.

"மூடாத தையலு. மூடினா நெல்லு உள்ளுக்குள்ள புழுங்கும். தொறந்து போடு, காத்தாடட்டும்."

"மழை கிழை வந்துட்டா மாமா?"

"எழுபத்து நாலு மாசி பார்த்தவன் சொல்றேன். மாசியில ஒரு சொட்டு விழுந்தா இந்த மீசையை எடுத்துடறேன்."

அவள் படுதாவை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு கொட்டகையில் படுத்தாள். விடியற்காலையில் முக்கால் மணி நேரம் கொட்டித் தீர்த்தது. அவள் விழித்துப் படுதாவை இழுப்பதற்குள் குவியல் நனைந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் பன்னிரண்டே முக்கால். பட்டியல் எழுத்தர் ஞானசேகர் ஒரு பிடி நெல்லை மீட்டரில் போட்டார். நெல்லின் ஈரத்தைப் பார்த்துச் சொல்கிற அந்தச் சின்ன மிஷின் இருபது புள்ளி நாலு என்று காட்டியது. ஞானசேகர் நல்ல மனிதர்தான். ஆனால் புள்ளிக்கு அப்புறம் இருக்கிற எண்ணையும் விடாமல் படிக்கிற நல்ல மனிதர். பதினேழு புள்ளி ஒன்றைத் திருப்பி அனுப்பினவர். தன் சொந்த மச்சினர் நெல்லையும் அப்படியே அனுப்பியதில், தீபாவளிக்கு மாமியார் வீட்டுப் படி ஏறவில்லை.

"ஒண்ணும் செய்யறதுக்கில்லைம்மா" என்றார். "ஒரு மணி பஸ்ஸுல நான் கிளம்பணும். மீட்டர், தராசு, ரிஜிஸ்தர் எல்லாம் இன்னிக்கே ஒப்படைக்கணும். வேற யாரும் வரப்போறதும் இல்லை."

தையல்நாயகிக்குக் காலையிலிருந்து அந்த நெல்லைக் களம் முழுக்கப் பரப்பி, காலால் துழாவித் துழாவிக் கணுக்கால் வரை பதர் ஒட்டியிருந்தது. வியாபாரி எப்படியும் வருவான். நனைந்த நெல்லைப் பார்த்து மூக்கைச் சுளிப்பான், அப்புறம் அவன் வைத்ததுதான் விலை. ரெண்டு தடவை நட்ட உழைப்பு அதோடு சரி.

களத்து ஓரத்தில் புங்க மர நிழலில் உட்கார்ந்திருந்தார் உத்திராபதி. பக்கத்தில் பக்கிரிசாமி. நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், வயலிலும் உத்திராபதிக்கு அடுத்த வரப்புக்காரர். உத்திராபதி சொல்வதில் ஒரு எழுத்தைக்கூட நம்புவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டவர்.

"மீசை இன்னும் இருக்கு போல" என்றார் பக்கிரிசாமி.

உத்திராபதி வானத்தைப் பார்த்தார். மேகம் கலைந்து வெயில் சுள்ளென்று இறங்கிக்கொண்டிருந்தது. மூணு மணி நேரம் இப்படியே அடித்தால் நெல் காயும். ஆனால் அந்த மூணு மணி நேரமும் மீட்டர் இங்கே இருக்க வேண்டும். மீட்டர் எழுத்தரின் பைக்குள் போய்க்கொண்டிருந்தது.

பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்து ஞானசேகர் சலித்துக்கொண்டார். "இது ஒரு தலைவலி. பருவநிலை மாறுறதுக்குத் தக்கபடி விவசாயம் செய்யற ஒருத்தரையாவது விசாரிச்சு அனுப்பணுமாம். பன்னிரண்டு கேள்வி. ஒருத்தரும் சிக்கலை. வெறுந்தாளாத்தான் அனுப்பணும்."

உத்திராபதி எழுந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது. "தம்பி, என்ன இப்படிச் சொல்லிட்டீங்க. இந்த ஜில்லாவுலயே பருவநிலைக்குத் தக்கபடி விவசாயம் செய்யற ஆளு நான் ஒருத்தன்தான். பருவநிலையே என்னைப் பார்த்துத்தான் மாறுது. கேள்வியைப் படிங்க."

தையல்நாயகி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் வெயிலை ஒரு பார்வை பார்த்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு களத்தில் இறங்கி, ஒரு மூலையிலிருந்து நெல்லைக் காலால் கோடு கோடாகக் கிளறத் தொடங்கினாள்.

ஞானசேகர் மணியைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். "வறட்சிக் காலத்தில் குறைந்த நீரில் பயிர் செய்ய மாற்று உத்தி எதையேனும் கையாள்கிறீர்களா?"

"அதைக் கேளுங்க. ஒரு வருஷம் ஆத்துல தண்ணியே வரலை. மதகுல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன், ஓணான்தான் வருது. நானோ நட்டு முடிச்சாச்சு. உரக்கடையில குடுத்த காலண்டர் ஒண்ணு வீட்டுல கிடந்துச்சு. மேட்டூர் அணை நிரம்பி, பதினாறு கண்ணுலயும் தண்ணி பிச்சுக்கிட்டு ஊத்துற படம். அதைக் கொண்டுபோய் வரப்புல குச்சி நட்டு, பயிரு கண்ணுக்குத் தெரியுற மாதிரி மாட்டினேன். மறுநாள் பார்க்கறேன், பயிரு பச்சுன்னு நிக்குது. படத்தைப் பார்த்தே தாகம் தீர்ந்துருச்சு."

"படத்தைப் பார்த்தா வயிறு நிறையுமா அண்ணே?" என்றார் பக்கிரிசாமி. "டீக்கடையிலயும் பஜ்ஜி படம் மாட்டியிருக்கான். நீங்க ஏன் தட்டுல வாங்கித் திங்கறீங்க?"

"எனக்கு அவ்வளவு நம்பிக்கை பத்தாது பக்கிரி. பயிருக்கு இருந்துச்சு. முழுசாக் கேளு. அதோட விட்டேனா? பக்கத்துல கல்லணைப் படம் ஒண்ணையும் மாட்டினேன். மூணாம் நாளு வேரழுகல் வந்துருச்சு. ஒரு காலண்டரைக் கழட்டித்தான் தண்ணியை வடிய விட்டேன்."

ஞானசேகர் தலை நிமிரவில்லை. "வடிச்ச தண்ணியை என்ன செஞ்சீங்க?"

"இதுதான் கேள்வி. சுருட்டி எரவானத்துல சொருகிட்டேன். கோடையில இன்னமும் எங்க வீட்டுக் குடிதண்ணி அதுதான்."

"பக்கிரியண்ணே" என்றாள் தையல்நாயகி களத்து நடுவிலிருந்து. உத்திராபதியோடு நேராகப் பேசக் கூடாதென்று காலையிலேயே முடிவு செய்திருந்தாள். "சித்திரை வெயில் படம் ஒண்ணு அவங்க வீட்டுல இருந்தா எடுத்தாரச் சொல்லுங்க. என் நெல்லுக்குக் காட்டணும்."

ஒரு மணி பஸ் வந்து நின்றது, ஹாரன் அடித்தது, போனது. ஞானசேகர் அடுத்த கேள்விக்குப் பேனாவை நகர்த்தினார்.

"வெள்ளத்தைத் தாங்கும் ரகம் எதையேனும் பயிரிடுகிறீர்களா?"

"மடுமுழுங்கின்னு பழைய நெல்லு ஒண்ணு இருக்கு. தண்ணி ஏற ஏற அதுவும் கூடவே ஏறும். இது பொய்யில்லை, பக்கிரியைக் கேளுங்க."

"அது நெசந்தான் சார்" என்றார் பக்கிரிசாமி மனசில்லாமல். "அடியில ஒரு நெசத்தை வச்சுட்டு அதுக்கு மேல கட்டுவாரு. பார்த்து எழுதுங்க."

"தண்ணி ஒரு அடி ஏறுனா என் பயிரு ஒண்ணரை அடி ஏறுச்சு. தண்ணி பத்து அடி நின்னுச்சு. அப்புறம் வடிஞ்சு போச்சு. வடிஞ்ச சங்கதியைப் பயிருக்கு யாரும் சொல்லலை. அது பாட்டுக்கு ஏறிக்கிட்டே போகுது. அறுப்புக்கு ஆளு வந்து அண்ணாந்து பார்த்துட்டு ஓடிட்டான். கடைசியில தேங்காய் பறிக்கிறவங்க நாலு பேரைக் கூட்டியாந்து, இடுப்புல அரிவாளைச் சொருகி ஏத்திவிட்டுத்தான் அறுத்தேன். ஒரு கதிருல கழுகு கூடு கட்டிக் குஞ்சு பொரிச்சிருக்கு. செல்போன் கம்பெனிக்காரன் வந்தான். டவர் கட்ட இடமெல்லாம் வேணாங்க, ஒரே ஒரு தூரு விட்டுவைங்கன்னு கெஞ்சினான்."

"அந்த வைக்கோலை நான் பார்க்கவே இல்லையே" என்றார் பக்கிரிசாமி. "அடுத்த வயக்காரன் நான்."

"எப்படிப் பார்ப்ப? மாடு தின்னுக்கிட்டுல்ல இருக்கு. ஒரு வைக்கோலு. இந்த முனையில வாய வச்ச கன்னுக்குட்டி, அந்த முனைக்கு வர்றப்ப கிழட்டு மாடாயிருச்சு."

ஞானசேகரின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இருமுவதுபோலச் செய்து சரிப்படுத்திக்கொண்டார். உத்திராபதி அதைக் கவனித்தார். முப்பது மூட்டை நெல்லில் ஒரு மூட்டை காய்ந்துவிட்ட மாதிரி இருந்தது அவருக்கு.

அடுத்த கேள்வி மண்வளம். எட்டு வருஷம் ரசாயன உரம் போடாததில் தன் வயல் மண்புழுக்கள் தேறி, பனைமரத் தண்டிக்கு வந்து, தாங்களே முறை வைத்து உழுதுகொடுப்பதாகவும், ஒரு தடவை தடம் தப்பிப் போன மண்புழு நாகூரில் ஒரு வீட்டு அடுப்படியில் தலையைத் தூக்கி வழி கேட்டதாகவும் சொன்னார். டிராக்டர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து வந்து பிழைப்பு போகிறதென்று மண்புழுவிடம் மனு கொடுத்தார்களாம். இதற்குப் பக்கிரிசாமி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"புயல் காற்றிலிருந்து வயலைக் காக்க ஏற்பாடு உண்டா?"

"வரப்பு பூரா வெட்டிவேர் வச்சிருக்கேன் தம்பி. அது மண்ணைப் பிடிச்சா விடாது. அந்தப் பெரிய புயல் வந்துச்சு பாருங்க, அன்னிக்குக் காத்து என் வயலைப் பிய்க்கப் பார்த்துச்சு. முடியலை. வேரு அப்படிப் பின்னிக்கிட்டிருக்கு. காத்துக்குக் கோவம் வந்துருச்சு. நாலு வரப்பையும் நாலு மூலையிலேருந்து தூக்கி, பாய் சுருட்டுற மாதிரி வயலையே சுருட்டிக்கிட்டுப் போயிருச்சு. பயிரோட, தண்ணியோட, வரப்புல நின்ன கொக்கோட. மன்னார்குடியில ஒரு கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில கொண்டுபோய் விரிச்சு வச்சிருச்சு. நான் பஸ்ஸேறிப் போய்த் தண்ணி பாய்ச்சிட்டு வருவேன். அங்கயே அறுத்தேன். பொண்ணு வீட்டுக்காரங்க கூட நின்னு கட்டு கட்டினாங்க."

"இப்ப அந்த வயல் இங்கதானே இருக்கு?" என்றார் ஞானசேகர்.

"பங்குனியில எதிர்க்காத்து அடிச்சுது. திரும்பி வந்துருச்சு. காத்துதானே, அளந்தா வைக்கும்? ரெண்டு அடி தள்ளி வச்சிருச்சு."

பக்கிரிசாமி துள்ளி எழுந்தார். "சார், இதை மட்டும் எழுதாதீங்க. அந்த ரெண்டு அடி என் வயலு. மம்முட்டியை எடுத்து வரப்பைச் செதுக்கினது இந்த மனுஷன். பஞ்சாயத்துல கேட்டப்ப மாடு மிதிச்சுதுன்னாரு. இப்பக் காத்துங்கறாரு."

"மாடுன்னு சொன்னப்ப நீ நம்பலையே பக்கிரி. அதான் நெசத்தைச் சொல்றேன்."

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த தையல்நாயகி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

இரண்டரை மணி பஸ் வந்தது. ஞானசேகர் பஸ்ஸைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கையை விட்டு மீட்டரை எடுத்துக்கொண்டு களத்துக்குள் இறங்கினார். நாலு இடத்தில் குனிந்து நெல்லை அள்ளிக் கலந்து போட்டார். பத்தொன்பது புள்ளி ரெண்டு. பஸ் போய்விட்டது.

"இன்னும் எட்டு கேள்வி பாக்கி இருக்கு" என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. நிழலுக்கு வந்து உட்கார்ந்தார். "கடல் நீர் புகுந்து உப்பான நிலத்தில் சாகுபடி செய்த அனுபவம் உண்டா?"

உத்திராபதிக்குத் தொண்டை வற்றிப்போயிருந்தது. பக்கிரிசாமியின் செம்பிலிருந்து ஒரு மடக்கு குடித்தார்.

"வாய்க்கால் வழியா அமாவாசைக்கு அமாவாசை உப்புத்தண்ணி உள்ள வருதுல்ல. எல்லாரும் தலையில கையை வச்சுட்டாங்க. நான் அதுலயே நட்டேன். அறுத்து அரைச்சு உலை வச்சா, சோத்துக்கு உப்பே போட வேணாம். சரியான உப்பு. இன்னும் என்ன பண்ணலாம்னு பார்த்தேன். வரப்புல மிளகாய் வச்சேன், புளியங்கன்னு நட்டேன். அடியில வேரும் வேரும் கலந்துபோச்சு. அடுத்த போகம் அறுத்தா நெல்லுல புளிப்பும் காரமும் ஏறி நிக்குது. உப்புத்தண்ணியோட வந்த மீனு கதிருக்குள்ள முட்டை வச்சிருக்கு. அடிச்சுத் தூத்தினேன் பாருங்க, நெல்லு ஒரு பக்கம் விழுது, கருவாடு ஒரு பக்கம் விழுது. என் பொஞ்சாதி அந்த வருஷம் அம்மி பக்கமே போகலை. உலையில அரிசியைப் போட்டா கருவாட்டுக் குழம்பு ஊத்திப் பிசைஞ்ச சோறா இறங்கும்."

"அதுல ஒரு படி குடுங்க, பார்ப்போம்" என்றார் பக்கிரிசாமி.

"இப்ப ஏதுப்பா. சைவக்காரங்க யாரும் தெரியாம வாங்கிடப் போறாங்கன்னு பயந்து பயிரு வைக்கறதையே விட்டுட்டேன்."

ஞானசேகர் இந்தத் தடவை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்ததற்கு வெட்கப்பட்டவர்போலத் தாளைச் சரியாக மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டார். பூச்சி மருந்து, ஊடுபயிர், பண்ணைக்குட்டை என்று கேள்விகள் ஓடின. உத்திராபதியின் பண்ணைக்குட்டையில் ஒரு வருஷம் தண்ணீர் குறையவே இல்லை. காரணம், அதில் வளர்ந்த விரால்கள் தங்களுக்கு வேண்டும் என்று ராத்திரியோடு ராத்திரியாக ஆற்றிலிருந்து வாயில் மொண்டு வந்து ஊற்றினவாம்.

"பதினோராவது. கரியமில வாயுவைப் பயிர் மூலம் நிலத்தில் சேமிக்கும் முறையைப் பின்பற்றுகிறீர்களா?"

"கரியமில வாயுன்னா?" என்றார் பக்கிரிசாமி.

"வண்டிப் புகை, ஆலைப் புகை, எல்லாத்துலயும் வருது. அதுதான் உலகத்தைச் சூடாக்குதாம். சோடாவுல அடைக்கறதும் அதேதான்."

உத்திராபதிக்கு இந்தக் கடைசி வாக்கியமே போதுமாயிருந்தது. "சேமிக்கிறேனாவா? என் வயல்ல ஒரு குச்சியைக் குத்தி எடுத்தா புஸ்ஸுன்னு கிளம்பும் தம்பி. கோலிசோடாக் கடைக்காரரு பாட்டிலைக் கவுத்து வச்சு நிரப்பிக்கிட்டுப் போவாரு. வரப்பு நண்டெல்லாம் ஏப்பம் விட்டுக்கிட்டுத்தான் நடக்கும். ஊருக் காத்துல இருந்ததைப் பூரா என் பயிரு இழுத்துக்கிட்டதுல ஒரு சித்திரையில இங்க ஒரே குளிரு. தவளைக்குச் சளி புடிச்சுக் கத்த முடியலை. ஊட்டியிலேருந்து ஆளுங்க கம்பளியோட வந்து எங்க வாய்க்கால் கரையில உட்கார்ந்து நடுங்கிட்டுப் போனாங்க."

"அப்ப இப்ப அடிக்கிற சூடு எங்கேருந்து வந்துச்சு?" பக்கிரிசாமி விடுவதாக இல்லை.

"நான் ஒருத்தன் எவ்வளவுதான்யா புடிக்கிறது? உலகம் பூரா விடறான். நான் ஒரு வயலை வச்சுக்கிட்டுப் புடிச்சுக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் களத்தின் மேல் நிழல் விழுந்தது. கிழக்கே கடல் பக்கத்திலிருந்து ஒரு மேகம் எழும்பி வந்து வெயிலை மறைத்துவிட்டது. தையல்நாயகி நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் கால் கிளறுவதை நிறுத்தியதும்தான், இவ்வளவு நேரமும் அந்தச் சரசரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது என்பது எல்லாருக்கும் தெரிந்தது.

பக்கிரிசாமி எழுத்தரின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "என்ன சார் இது, மண்புழுவைக் காணோம், கல்யாண மண்டபத்தைக் காணோம். தாளு வெள்ளையா இருக்கு?"

"எழுத இடம் இல்லை. ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம். அதுல டிக் அடிக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப எல்லாத்துக்கும்?"

"ஆம்."

"அதுக்கா மூணு மணி நேரம் உட்கார்ந்து கேட்டீங்க?"

"விசாரிக்காம டிக் அடிக்க முடியுமா?" என்றார் ஞானசேகர். முகத்தில் ஒரு சுருக்கம் மாறவில்லை. உத்திராபதி அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"கடைசிக் கேள்வி. பருவமழை முன்பின்னாக வரும் இக்காலத்தில் மழை வருவதை முன்கூட்டி அறியும் வழி உங்களிடம் உண்டா?"

பக்கிரிசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வசதியாகச் சாய்ந்தார். இதற்கு என்ன வரும் என்று அவருக்கே ஆசையாக இருந்தது. மேகத்தோடு சம்பந்தம் பேசியிருப்பார், இடிக்குக் கடுதாசி போட்டிருப்பார்.

உத்திராபதி வாயைத் திறந்தார். களத்தில் நின்ற தையல்நாயகி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் நேராகப் பார்த்தது இதுதான் இரண்டாவது தடவை. திறந்த வாய்க்குள் வந்து நின்ற பொய் எதுவும் வெளியே வர மறுத்தது.

"இல்லை தம்பி" என்றார். "எனக்குத் தெரியலை. முந்தியெல்லாம் தெரிஞ்சுது. இப்ப மாசியும் தெரியலை, மார்கழியும் தெரியலை. தெரியலைன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு நேத்து இந்தப் பொண்ணுகிட்டப் பெய்யாதுன்னு சொன்னேன். என்னாலதான் அவ நெல்லு நனைஞ்சுது."

பக்கிரிசாமி எழுத்தர் பக்கம் குனிந்தார்.

"இதை நம்பிடாதீங்க சார். எத்தனையோ வருஷமாக் கேட்கறேன். தெரியலைன்னு இந்த வாய் சொல்றதா? இன்னிக்கு விட்டதுலயே பெரிய புளுகு இதுதான்."

ஞானசேகர் 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தார். அந்தத் தாளில் அந்தப் பக்கம் விழுந்த ஒரே டிக் அது. தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

நாலு மணி பஸ் வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சார், ஏறலையா? வானம் மூடிக்கிட்டு வருது" என்று குரல் கொடுத்தார். ஞானசேகர் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். மீட்டரை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்கினார்.

உத்திராபதியும் பின்னாலேயே போனார். பக்கிரிசாமிக்குக் கிட்டப் பார்வை மட்டம், தள்ளியே நின்றார். தையல்நாயகி மீட்டர் பக்கம் பார்க்கவே இல்லை. மேகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள், சேலைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்துச் சுற்றி அவிழ்த்து.

எழுத்தர் மூலைக்கு ஒரு பிடியாக நெல்லை அள்ளினார். உள்ளங்கையில் கலந்தார். மீட்டரில் கொட்டி மூடி, பொத்தானை அழுத்தினார். எண்கள் ஓடி ஓடி நின்றன. உத்திராபதி எழுத்தரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். வாய் எப்படியோ, கண் அவருக்கு இன்றைக்கும் கண்ணாடி கேட்காத கண். பதினெட்டு புள்ளி ஒன்று.

ஞானசேகரும் அதைத்தான் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம் பார்த்தார். அப்புறம் பொத்தானை அழுத்தி அணைத்தார்.

"பதினேழு" என்றார் உரக்க. "சரியாப் பதினேழு. பக்கிரி, சாக்கை எடுத்து வாங்க. தூறல் விழறதுக்குள்ள மூட்டை புடிக்கணும்."

தையல்நாயகி அப்படியே களத்தில் உட்கார்ந்து, ஒரு நொடியில் எழுந்து, கூட்டுமாறை எடுத்துக்கொண்டு நெல்லைக் குவிக்க ஓடினாள். ஓடுகிற ஓட்டத்தில், "மாமா, சும்மா நிக்காம அந்தப் பக்கத்துலேருந்து தள்ளிக்கிட்டு வாங்க" என்றாள்.

உத்திராபதி நகரவில்லை. எழுத்தர் ரிஜிஸ்தரை விரித்துப் பதினேழு என்று எழுதி, புள்ளி வைத்து, அதற்குப் பக்கத்தில் ஒரு பூஜ்யத்தையும் நிதானமாகப் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒன்றை அவர் கண்டதில்லை. கை நடுங்கவில்லை, குரல் ஏறவில்லை, கூட ஒரு சொல் சேர்க்கவில்லை. பக்கிரிசாமியே நம்பிவிட்டுச் சாக்கு எடுக்கப் போய்விட்டார்.

"தம்பி" என்றார் மெல்ல. "நான் பார்த்தேன்."

ஞானசேகர் பேனாவை மூடினார்.

"நீங்க மூணு மணி நேரம் ஊட்டிக்கும் நாகூருக்குமாப் புளுகி ரெண்டு புள்ளி இறக்கினீங்க பெரியவரே. நான் ஒரு வார்த்தையில ஒரு புள்ளி இறக்கிட்டேன். போய்ச் சாக்கைப் புடிங்க."